பதினைந்து நிமிட ஜெல்லி

ஆணின் மூத்திரப் பாதை ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். அது நேராக இருக்காது, இரண்டு இடங்களில் வளையும். முதல் வளைவைக் கையால் தூக்கி நிமிர்த்திவிடலாம். இரண்டாவது வளைவு உடம்புக்குள் இருக்கிறது. அதைக் கம்பிதான் நிமிர்த்த வேண்டும். அந்த வளைவு முடியும் இடத்தில் சுருக்குப் பையின் வாயைப் போல ஒரு தசை வளையம் இருக்கிறது. மூத்திரத்தை அடக்கி வைப்பது அதன் வேலை. உள்ளேயிருந்து வருவதற்கு மட்டும் வழிவிட்டுப் பழகிய வாய் அது. வெளியிலிருந்து ஒரு பொருள் வந்தால் இன்னும் இறுக்கிக்கொள்ளும். நுனியில் கேமரா வைத்த எஃகுக் கம்பி அந்த வாயைத் தாண்ட நான்கைந்து விநாடிகள் ஆகும். அந்த நான்கைந்து விநாடிகளுக்காகக் கண்ணையன் மூன்று மாதம் பயப்படுவார்.

கண்ணையனுக்கு அறுபத்திரண்டு வயது. வீடு நெல்லித்தோப்பில். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை. அதற்கு முன்பு, மூடிப்போன ஒரு பஞ்சாலையின் சாயப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். சாயப் பொடி கையில் பட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் மூச்சிலும் தோலிலும் நுழைந்தது ரத்தத்தில் கலக்கும். ரத்தத்தைச் சிறுநீரகம் வடிகட்டும். வடிகட்டிய கழிவு மூத்திரப் பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். வேலை நேரத்தில் வெளியே போக அனுமதி இல்லாத மில்லில் இன்னும் அதிக நேரம் நிற்கும். பையின் உள்தோல் அதிலேயே ஊறும். அதன் பலன் இருபது, முப்பது வருடம் கழித்து ரத்தமாக வெளியே வரும். சாயப் பிரிவில் இருந்த நாற்பது பேரில் ஏழு பேருக்கு அப்படி வந்தது. ஏழு பேரும் ஊரில் ஒரே ஆஸ்பத்திரியின் ஒரே பெஞ்சில் வியாழக்கிழமைகளில் உட்கார்ந்தார்கள்.

கட்டியைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் இந்தக் கட்டிக்குத் திரும்பி வரும் பழக்கம் உண்டு. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கம்பி விட்டு உள்ளே பார்க்கிறார்கள். கம்பிக்கு முன்னால் மரத்துப்போகும் மருந்து கலந்த ஜெல்லியைப் பாதைக்குள் பீய்ச்சுவார்கள். ஜெல்லி உள்ளே போன அரை நிமிஷத்தில் கம்பியும் போகும்.

அந்த அரை நிமிஷத்தைப் பற்றித்தான் டாக்டர் நெடுமாறனுக்குச் சந்தேகம். ஆராய்ச்சி தொடங்கிய அன்று பெஞ்சுக்காரர்களை உட்கார வைத்து அவரே பொறுமையாக விளக்கினார்.

"ஜெல்லி போட்ட ஒடனே கம்பிய விட்டா அது வழுக்கலுக்கு மட்டும்தான் உதவும். மருந்து தோலுக்குள்ள எறங்கி நரம்பத் தொடணும். அதுக்கு நேரம் வேணும். பாதிப் பேருக்கு மூணு நிமிஷம் விடுவோம், பாதிப் பேருக்குப் பதினஞ்சு நிமிஷம். யாருக்கு எதுன்னு கவர் பிரிச்சாத்தான் தெரியும்."

கண்ணையனுக்கு உடனே புரிந்தது. "துணிய தொட்டியில முக்கின ஒடனே எடுத்தா சாயம் புடிக்காது. நிக்கணும். அப்டித்தான சார்?"

"அதேதாங்க."

"டாக்டருக்கே டையிங் சொல்லிக் குடுக்கிறான் பாரு," என்றார் பெஞ்சின் ஓரத்தில் இருந்த சூசைநாதன். எல்லாரும் சிரித்தார்கள். சூசைநாதன் சொன்னால் சிரிப்பது அவர்களுக்கு மில்லிலிருந்தே பழக்கம். அவர்தான் சாயப் பிரிவின் மேஸ்திரி. எழுபத்தொரு வயதிலும் இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாகத்தான் வருவார்.

டாக்டர் இன்னொன்றையும் சொன்னார். கட்டி வளரும்போது சில புரதங்களை மூத்திரத்தில் உதிர்க்கும். ஒவ்வொரு தடவையும் கம்பிக்கு முன்பு ஒரு கப்பில் மூத்திரம் வாங்கி அந்தப் புரதத்தை அளந்து, கம்பியில் தெரிந்ததோடு பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆராய்ச்சி முடியும்வரை அந்த அளவுகள் ஆய்வுக்கூடத்தில் மூடிய கவரில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த கட்டம் வரும். கப் சுத்தமாக இருப்பவர்களுக்கு வருடத்துக்கு நான்கு கம்பி வேண்டாம், ஒன்று போதும்.

"ஆனா அதுக்கு மேல அனுமதி வாங்கணும். ஒரே ஒரு டேபிள்தான் இருக்கு, ஒரு நாளைக்குப் பதினாலு பேரு. ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம் படுக்க வெக்கணும்னா இன்னொரு கட்டில் வேணும், இன்னொரு நர்ஸ் வேணும். கப் டெஸ்ட்டுக்கும் செலவு இருக்கு. இவ்ளோ எதுக்குன்னு மேல கேப்பாங்க. வலிக்குதுன்னு நான் சொன்னா ஆவாது. நீங்க சொல்றதுதான் கணக்கு."

வலியைச் சொல்ல ஒரு காகிதம் இருந்தது. அதில் ஒரு கோடு. ஒரு முனையில் பூஜ்யம், வலியே இல்லை. மறு முனையில் பத்து, தாங்கவே முடியாத வலி. நோயாளி தனி அறையில் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல், தானே அந்தக் கோட்டில் குறி வைக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. ஆனால் அந்தத் தனி அறையில் சலைன் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். அதனால் காகிதத்தோடு உட்கார வேண்டிய ஆராய்ச்சி உதவியாளர் கார்குழலிக்கு வராந்தாவில் பெஞ்சுக்கு எதிரே ஒரு மேசை போட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேரிடம் கண்ணாடி இல்லை. கம்பிக்குப் பிறகு கையும் நடுங்கும். அதனால் அவள் வாயால் கேட்டு, அவளே குறித்துக்கொண்டாள்.

முதலில் வெளியே வந்தவர் மேஸ்திரி. அவருக்கு மூன்று நிமிஷக் கவர்.

"எத்தனைங்கய்யா?"

"ஸேரோ, மத்மொசேல்."

பூஜ்யம், பெண்ணே என்று பிரெஞ்சில் சொன்னார். சின்ன வயதில் நான்கு வகுப்பு பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். மில்லில் எடை, சூடு, பீப்பாய் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு எண்தான் சொல்வார். அவர் சொன்ன எண்ணுக்கு மேல் பேச்சு கிடையாது. ஒருமுறை பொடி பட்டுக் கண் எரிகிறது என்று கண்ணையன் வேலையை நிறுத்தினார். மேஸ்திரி அவரைக் கொண்டே இன்னும் பன்னிரண்டு பீப்பாயைத் திறக்க வைத்தார். பன்னிரண்டையும் பிரெஞ்சில் எண்ணினார்.

அடுத்து பக்கிரி. அவருக்கும் மூன்று நிமிஷம். உள்ளேயிருந்து அவர் துண்டைக் கடித்துக்கொண்டு அனத்தியது பெஞ்சு வரைக்கும் கேட்டிருந்தது. வெளியே வந்தபோது துண்டில் எச்சிலும் கொஞ்சம் ரத்தமும் இருந்தன. கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துவிட்டிருந்தார்.

"எத்தனைங்கய்யா?"

பக்கிரி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஸேரோதான்," என்றார் பக்கிரி.

கண்ணையனுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிஷக் கவர். ஜெல்லி வழிந்து வராமல் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு, பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஐந்தாவது நிமிஷம் குளிர்ந்தது. பத்தாவது நிமிஷம் அந்த இடமே தன்னுடையது இல்லாதது போல ஆனது. கம்பி போனபோது அழுத்தம் தெரிந்தது. கடைசியில் அந்த வாயைத் தாண்டும்போது சுருக்கென்று ஒரு குத்து. மூன்று என்று சொல்லலாம். முன்பெல்லாம் எட்டு. மேசையிலிருந்து இறங்கும்போது அவருக்கு அழுகை வந்தது. இவ்வளவு காலம் வெறும் பதினைந்து நிமிஷம்தான் இல்லாமல் போயிருக்கிறது.

வெளியே ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிஷத்துக்கே மேஸ்திரி பூஜ்யம் சொல்லியிருக்கிறார். பதினைந்து நிமிஷம் படுத்து எழுந்து வந்தவன் மூன்று என்றால் என்ன ஆகும்? அதோடு அவருக்கு இன்னொரு கணக்கும் தோன்றியது. நான் பூஜ்யம் சொன்னால் பதினைந்து நிமிஷம் நன்றாக வேலை செய்கிறது என்றுதானே எழுதுவார்கள். நல்லதுதானே.

"ஸேரோம்மா," என்றார்.

மில்காரர்கள் ஏழு பேர்தான். ஆனால் பெஞ்சு ஒன்றுதான். முன்னால் இருப்பவன் பூஜ்யம் என்று சொல்லக் கேட்டபின், பின்னால் வருகிறவனும் ஒன்றோ பூஜ்யமோதான் சொன்னான். இப்படி ஆறு மாதம் ஓடியது.

மூன்றாவது தடவை வந்தபோது, பெஞ்சு காலியான பிறகு கண்ணையன் கார்குழலியிடம் கேட்டார். "பதினஞ்சு நிமிஷம் நல்லா வேலை செய்யுதுன்னு வந்துடுச்சாம்மா?"

கார்குழலி சொல்லக் கூடாதுதான். ஆனால் ஆறு மாதமாக அவளுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. காகிதத்தைத் திருப்பி ஓரத்தில் இரண்டு கோடு போட்டாள்.

"இது பதினஞ்சு. இது மூணு. இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல எவ்ளோ எறக்கம்னுதான் பாப்பாங்க. நீங்க பூஜ்யம் சொல்றீங்க. அவங்களும் பூஜ்யம் சொல்றாங்க. எறக்கமே இல்ல. அப்ப நேரம் வுடறதால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு அர்த்தம். பழையபடி போட்ட ஒடனே விட்டுடலாம்னு எழுதுவாங்க. வலியே இல்லாத கம்பிக்குப் பதிலா கப் எதுக்குன்னு அதையும் நிறுத்துவாங்க."

"அவனுங்க பொய் சொல்றானுங்கம்மா."

"எனக்குத் தெரியாதா? வெரல்ல கிளிப் மாட்டி நாடி பாக்கறோம் இல்ல? பக்கிரி ஐயாவுக்கு நூத்தி முப்பத்திரண்டு. வெளிய வந்து பூஜ்யம்ன்றாரு. மேஸ்திரிக்கு மட்டும்தான் எழுவத்தி நாலு. கம்பி உள்ள போறப்பவும் எழுவத்தி நாலு, வெளிய வர்றப்பவும் எழுவத்தி நாலு. அவர் ஒருத்தர்தான் நெஜமாவே பூஜ்யம் போல." பேனாவை மூடினாள். "இன்னும் ஒரே ஒரு சுத்துதான் இருக்குங்கய்யா. காகிதத்துல நாடிய எழுத எடம் இல்ல. வாயால சொல்றதுதான்."

மறுநாள் காலையில் கண்ணையன் வைத்திக்குப்பத்துக்குப் போனார். பக்கிரி இப்போது அங்கே படகுக்காரர்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிறார். மரச் சுத்தியலால் பாளத்தை அடித்துக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் கண்ணையன் குந்தினார்.

"அடுத்த தடவை நெசத்த சொல்லு பக்கிரி. எட்டுன்னா எட்டுன்னு சொல்லு."

"எனக்கு வலிக்கல."

"கன்னத்த எதுக்குக் கடிச்சிக்கின?"

பக்கிரி சுத்தியலை ஓங்கினார். ஐஸ் சில்லு கண்ணையனின் முகத்தில் அடித்தது. கண்ணையன் ஒரு ஐஸ் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "பாரு. தொட்ட ஒடனே மரத்துப் போவுதா? போவல. எரியுது. கொஞ்ச நேரம் புடிச்சாத்தான் மரத்துப் போவும். அவ்ளோதான் விஷயம். அந்தக் கொஞ்ச நேரத்தத்தான் கேக்கறோம்."

"நீ பதினஞ்சு நிமிஷம் மல்லாந்து படுத்துட்டு வர்றவன். நீ பேசுவ."

"அதத்தான் ஒனக்கும் வாங்கிக் குடுக்கப் பாக்கறேன்."

"அப்ப மொதல்ல நீ சொல்லு, வலிச்சுதுன்னு. மேஸ்திரி முன்னாடி சொல்லு பாக்கலாம்." பக்கிரி ஐஸைக் கூடையில் அள்ளினார். "அந்த ஆளு எழுவது வயசுல அசையாம படுத்துட்டு வர்றான். நான் அம்மா அப்பான்னு கத்தினேன்னு சொல்லணுமா? மில்லுல அவன்கிட்ட வாங்கின பேரு பத்தாதா?"

கண்ணையன் உள்ளங்கையைத் திறந்தார். ஐஸ் கரைந்து போயிருந்தது. இப்போது கை மரத்திருந்தது.

அன்று மாலையே அவர் மேஸ்திரி வீட்டுக்குப் போனார். ஆறு பேரும் யாரைப் பார்த்துச் சொல்கிறார்களோ, அவர் ஒரு தடவை இரண்டு என்று சொன்னால் போதும். இரண்டு என்று அவர் சொன்னால், பக்கிரி தைரியமாக ஆறு சொல்வான்.

மேஸ்திரி அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார். கண்ணையன் வந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தபோது கீழே பார்த்தார். மேஸ்திரியின் வலது பாதத்துக்கு அடியில் தரை சிவப்பாக இருந்தது.

"மேஸ்திரி, கால்ல ரத்தம்."

சூசைநாதன் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார். செருப்பிலிருந்து வந்த ஒரு சிறிய ஆணி உள்ளங்காலில் முழுதாக இறங்கியிருந்தது. கோயிலிலிருந்து வீடு வரை அதன் மேல்தான் நடந்து வந்திருக்கிறார். இரண்டு விரலால் அதைப் பிடுங்கி ஜன்னல் திட்டில் வைத்தார். முகம் சுளிக்கவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி சூசைமேரி துணியோடு வந்தாள். "இதுல அதிசயம் ஒண்ணும் இல்லண்ணே. சக்கரை. இவுருக்குக் கால்ல தேளு கொட்டினாக்கூட தெரியாது. நானாத்தான் தெனம் திருப்பித் திருப்பிப் பாக்கணும்."

உடம்பில் சர்க்கரை அதிகமாக இருந்தால் நரம்புகள் பட்டுப்போகும். மிக நீளமான நரம்பு முதலில் போகும், அதனால் முதலில் பாதம். பிறகு மற்ற இடங்களும் சத்தமில்லாமல் போகும். மூத்திரப் பைக்கும் பாதைக்கும் போகிற நரம்புகளும் அதில் உண்டு. கண்ணையனுக்கு இந்த விவரம் தெரியாது. ஆனால் தரையில் இருந்த ரத்தமும் கார்குழலி சொன்ன எழுபத்து நாலும் அவர் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. சூசைமேரி உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"மேஸ்திரி. கம்பி போறது ஒங்களுக்குத் தெரியுதா?"

சூசைநாதன் பாதத்தில் துணியைச் சுற்றினார்.

"தெரியாது," என்றார் கடைசியில். "நாலு வருஷமா மூத்திரம் முட்டறதே தெரியாது. கடியாரத்தப் பாத்துதான் போறேன். மூணு மணிக்கு ஒருவாட்டி. போதுமா?"

"அப்ப எங்கள ஏன் மேஸ்திரி…"

"ஒங்கள நான் ஏதாவது சொன்னனா? என்ன கேட்டா, என் எண்ணச் சொன்னேன். அது நெசம். நீங்க சொன்னதுதான் பொய்."

"ஒரு தடவை ரெண்டுன்னு சொல்லுங்க. அவனுங்க நெசத்த சொல்லுவானுங்க. பக்கிரி கன்னத்தக் கடிச்சிக்கினு கெடக்கிறான்."

"கடிக்கட்டும்." மேஸ்திரி முதல்முறையாகச் சிரித்தார். "மில்லு மூடி இவ்ளோ வருஷம் கழிச்சி, நான் ஒரு வார்த்த சொன்னா ஆறு பேரு அதையே திருப்பிச் சொல்றீங்க. குண்டி எரிஞ்சாலும் சொல்றீங்க. அத நான் ஏன்டா வுடணும்?" துணியை முடிச்சுப் போட்டு இறுக்கினார். முடிச்சு சதைக்குள் பதிந்தது. "இத வெளிய சொன்னின்னா பாரு."

கண்ணையன் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, கடைசிச் சுற்று. மேஸ்திரிதான் முதலில் உள்ளே போனார். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து கார்குழலியின் மேசை முன் நிமிர்ந்து நின்றார்.

"ஸேரோ, மத்மொசேல்."

கண்ணையன் பெஞ்சிலிருந்து எழுந்தார். குரல் பெரிதாகவே வந்தது. "அவுருக்கு செத்துப் போச்சு. சக்கரை. கீழ ஒண்ணுமே தெரியாது அவுருக்கு. கம்பி இல்ல, கடப்பாரைய வுட்டாலும் தெரியாது. மூத்திரம் வர்றதே தெரியாம கடியாரம் பாத்துப் போற ஆளு. அந்த ஆளப் பாத்துக்கினு நாம பல்லக் கடிக்கிறோம்."

கார்குழலி, "ஐயா, உட்காருங்க," என்றாள். யாரும் கேட்கவில்லை.

"ஒண்ணுமேவா தெரியாது?" என்றார் பக்கிரி மெதுவாக.

"ஒண்ணுமே."

"அப்ப மத்த வேலைக்கும்…"

"சூசைமேரிய கேளு," என்றது பெஞ்சின் கடைசியிலிருந்து ஒரு குரல். ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பக்கிரி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மில்லில் ஒரு நாளும் சிரிக்காத சிரிப்பு அது.

கம்பி விடும்போது பை விரிவதற்காக உள்ளே சலைன் தண்ணீரைச் செலுத்துவார்கள். இல்லாவிட்டால் கேமராவில் ஒன்றும் தெரியாது. முடிந்தவுடன் அந்தத் தண்ணீர் முட்டும், எல்லாரும் முதலில் கழிப்பறைக்கு ஓடுவார்கள். மேஸ்திரிக்கு முட்டுவது தெரியாது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டுதான் போவார். இன்று மறந்துவிட்டார். வெள்ளைக் கால்சட்டையின் முன்பக்கம் நனைந்து, ஈரம் தொடையில் இறங்கி, முழங்கால்வரை வந்தது. எல்லாரும் பார்த்த பிறகுதான் அவர் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அதை மறைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். யார் பக்கமும் திரும்பவில்லை.

அடுத்து பக்கிரி போய் வந்தார். கார்குழலி கேட்பதற்கு முன்பே மேசையில் கையைத் தட்டினார்.

"பத்து. பதினொண்ணு இருந்தா அதப் போடு. எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது."

பெஞ்சு ஆரவாரித்தது. அடுத்தவர் பதினைந்து நிமிஷக் கவர்க்காரர். அவரும் பத்து என்றார். அதற்கு அடுத்தவரும் பத்து. மூன்று நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ, அந்த வராந்தாவில் வலி குறைவு என்று சொல்கிற ஆண் அன்று ஒருவனும் இல்லை. குறைவு என்றால் செத்துப்போனதில் ஒரு பங்கு தனக்கும் என்று ஆகிவிடும்.

கண்ணையன் பதினைந்து நிமிஷம் படுத்தார். குளிர்ந்தது, மரத்தது, ஒரு குத்தோடு முடிந்தது. வெளியே வந்தார்.

"எத்தனைங்கய்யா?" கார்குழலியின் கண்கள் அவரைக் கெஞ்சின.

"மூணும்மா."

"இன்னாது, மூணா?" என்றார் பக்கிரி. "இன்னாடா, ஒனக்கும் பாதி போயிடுச்சா? வசந்தா அண்ணி கிட்ட கேட்டுப் பாக்கணும் போலகீது."

வசந்தா கண்ணையனின் மனைவி. பெஞ்சு அவளையும் சேர்த்துச் சிரித்தது. கார்குழலியின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

"மூணுன்னே போட்டுக்கட்டுமாங்கய்யா?"

கண்ணையன் பெஞ்சைப் பார்த்தார்.

"பத்து," என்றார். "பத்துன்னு போட்டுக்கோ."

இரண்டு மாதம் கழித்து, கணக்கைச் சரிபார்க்கும் குழு அந்தக் காகிதங்களைப் பார்த்தது. முதல் மூன்று சுற்றிலும் இரண்டு கோடும் தரையில் கிடந்தன. கடைசிச் சுற்றில் இரண்டும் கூரையில் நின்றன. எங்கேயும் நடுவில் இறக்கம் இல்லை. இப்படிப்பட்ட எண்களை வைத்து ஒரு கட்டில்கூடக் கேட்க முடியாது என்று டாக்டர் நெடுமாறனிடம் சொல்லிவிட்டார்கள். வலி எவ்வளவு என்றே நிரூபிக்க முடியாதபோது, கம்பியைக் குறைக்கும் அடுத்த கட்டத்துக்கு என்ன அவசியம் என்றும் கேட்டார்கள். ஆராய்ச்சியை மூடினார்கள். வராந்தாவிலிருந்து மேசை போனது.

மூடியபோதுதான் கப் அளவுகளின் கவர்களைப் பிரித்தார்கள். கண்ணையனின் நான்கு கப்பும் சுத்தம். அடுத்த கட்டம் வந்திருந்தால் அவருக்கு வருடத்துக்கு ஒரே ஒரு கம்பிதான். சூசைநாதனின் முதல் மூன்று கப்பும் சுத்தம். நான்காவதில், அந்தக் கடைசி வியாழக்கிழமை கொடுத்ததில், புரதம் ஏழு மடங்கு ஏறியிருந்தது. அன்று கம்பியில் எதுவும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சொல்லிவிடும் என்பதுதான் அந்தச் சோதனையின் அருமை. டாக்டர் நெடுமாறனுக்கு இனி அதை யாரிடமும் காட்ட வழியில்லை. சூசைநாதன் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அடுத்த முறை வந்த கண்ணையனிடம், ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த கார்குழலி ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்தாள். "நீங்க ஒரே ஏரியாதான. மேஸ்திரி கையில குடுத்து, ஒடனே வரச் சொல்லுங்க. ஒரு நாள்கூடத் தள்ள வேணாம்னு சொல்லுங்க."

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணையன் உள்ளே போய்ப் படுத்தார். நர்ஸ் ஜெல்லியைப் பீய்ச்சினாள். கிளிப் இல்லை.

"கொஞ்ச நேரம் வுடு தாயி," என்றார்.

"அது ஸ்டடிக்குங்கய்யா. இப்ப நேரம் வுடறது கெடையாது. மூச்ச இழுத்து வுடுங்க."

கம்பி முதல் வளைவைத் தாண்டியது. இரண்டாவது வளைவை நிமிர்த்தியது. அந்த வாய் இறுக்கிக்கொண்டது. கண்ணையன் கத்தினார். பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். வெளியே வந்தபோது எத்தனை என்று கேட்க யாரும் இல்லை.

மேஸ்திரி வீட்டுக் கதவு தாழிட்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் சூசைநாதன் சுவர்க் கடியாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். கால்சட்டைக்குப் பதில் லுங்கி.

"மேஸ்திரி, ஆஸ்பத்திரியில குடுத்தாங்க." கண்ணையன் ஜன்னல் கம்பிக்கு இடையில் கவரை நீட்டினார். "கப்புல ஏதோ ஏறியிருக்காம். ஒடனே வரணுமாம். ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதாம்."

மேஸ்திரி கவரை வாங்கவில்லை. "ஒனக்கு இன்னிக்கி வுட்டாங்களா?"

"வுட்டாங்க."

"நேரம் குடுத்தாங்களா?"

"இல்ல. அதெல்லாம் எடுத்துட்டாங்க."

"அப்டியா." சூசைநாதன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "எத்தனை?"

கண்ணையன் கவரை இன்னும் உள்ளே நீட்டினார்.

"கேக்கறேன் இல்ல? எத்தனை?"

"எட்டு, மேஸ்திரி."

"இன்னொருவாட்டி சொல்லு."

"எட்டு."

மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணையன் கவரை ஜன்னல் திட்டில் வைத்தார். "வாங்க மேஸ்திரி. நான் கூட வர்றேன். பெஞ்சுல யாரும் எதுவும் பேச மாட்டானுங்க, நான் பாத்துக்கறேன். ரத்தம் கித்தம் போவுதா?"

"ரெண்டு வாரமாச்சு," என்று உள்ளேயிருந்து சூசைமேரியின் குரல் வந்தது. "சொன்னா கேக்க மாட்டேன்றாரு."

"நீ வாய மூடு," என்றார் மேஸ்திரி. கவரை விரலால் தள்ளினார். அது வெளியே விழுந்தது.

கண்ணையன் குனிந்து எடுத்தார். குனிந்தபோது முட்டியது. கம்பிக்குப் பிறகு முதல் தடவை போகும்போது பாதை முழுவதும் எரியும், கீறல் விட்ட தோலில் மூத்திரம் படும், ஒரு நாளுக்கு அப்படித்தான் இருக்கும். வீடு வரை தாங்காது என்று தெரிந்தது. கவரை மறுபடி ஜன்னலில் செருகிவிட்டுச் சந்தின் மூலைக்கு நொண்டிப் போய், சுவரைப் பார்த்து நின்றார். வர மறுத்தது. பிறகு சொட்டுச் சொட்டாக வந்தது. நெற்றியைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டார்.

பின்னால் ஜன்னல் கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும் சத்தம் கேட்டது.

"கண்ணையா," என்றார் மேஸ்திரி. "இப்ப எத்தனை?"